கல்லான மரமும் பொடிந்துபோன எலும்பும்

வாசகர் கேள்வி – பதில்

அழிந்துபோன உயிர்களைப் பற்றியும் அவை விட்டுப்போன தடயங்களைப் பற்றியும் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

*

கேள்வி: கிணற்றை ஆழப்படுத்தும்போது 22 அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கல் வந்தது. பார்த்தால் விறகுக்கட்டை, தூக்கினால் கல். இது திருவக்கரையில் இருப்பது போன்ற கல்மரமா? எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
(வானூர் வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி)

கல்மரமாக இருக்கலாம். திருவக்கரைக் கல்மரங்கள் புதைந்திருக்கும் அடுக்குக்குப் பெயரே ‘கடலூர் மணற்கல்’. செம்மண் மேடுகளாக, கூழாங்கல் கலந்து, உங்கள் பக்கமெல்லாம் பரந்து கிடக்கிறது. திருவக்கரைக் கல்மரப் பூங்காவின் வேலியோடு அது முடிந்துவிடவில்லை. அதனால் உங்கள் ஊர்க் கிணற்றில் ஒரு துண்டு வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் விறகு போல இருப்பதெல்லாம் கல்மரம் ஆகிவிடாது. அதிகம் ஏமாற்றுவது சுக்கான்கல். செடி, மரங்களின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகும். வேர் மக்கிய பிறகு அது குழாய் குழாயாக, முண்டு முண்டாக நிற்கும். ஓரத்திலிருந்து கடலை அளவு சில்லு ஒன்றை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுக்கான்கல். முழுக்கல்லின் மேல் சாற்றை ஊற்ற வேண்டாம். சிப்பியோ சங்கோ ஒட்டியிருந்தால் அமிலம் முதலில் அதைத்தான் அரிக்கும்.

அடுத்தது இரும்புக் கிட்டம். பழைய உலைக்களம் இருந்த இடங்களில் கிடைக்கும். அளவுக்கு மீறிக் கனக்கும், உள்ளே காற்றுக்குமிழ் ஓட்டைகள் தெரியும், பெரும்பாலும் காந்தம் ஒட்டும். இன்னொன்று வரிவரியான கருங்கல். அதில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும், மர வரி போலவே தோன்றும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் மணிமணியாக மின்னும். மரத்தில் அப்படி மின்னாது.

கல்மரம் சிலிக்காவால் ஆனது. பேனாக்கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் படியும். அதன் கூர்மையான ஓரத்தால் கண்ணாடிப் பாட்டிலைக் கீற முடியும். ஆனால் வெங்கச்சங்கல்லும் இதே வேலையைச் செய்யும். அதனால் இது மட்டும் போதாது.

கடைசியாகத் தீர்ப்புச் சொல்வது குறுக்குமுகம்தான். உடைந்த முனையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். சைக்கிள் ஆரக்கால் போல உள்ளிருந்து வெளியே ஓடும் முடியளவு கோடுகள் தெரிகின்றனவா? அவற்றுக்கிடையே ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகள் உண்டா? அந்தப் புள்ளிகள் வேரிலிருந்து நீர் ஏறிய குழாய்களின் வாய். கோடும் புள்ளியும் சேர்ந்து இருந்தால் பூக்கும் மரம். புள்ளியே இல்லாமல் நுண்ணிய வலை போல ஒரே சீராக இருந்தால் ஊசியிலை வகை மரமாக இருக்கலாம். இரண்டும் இல்லை, வெளியே மட்டும்தான் மரத் தோற்றம் என்றால் பெரும்பாலும் அது வெறும் கல்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: 22 அடி. அந்த எண் இல்லாவிட்டால் உங்கள் கல் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். எந்த அடுக்கில் கிடந்தது, மேலே என்ன மண், கீழே என்ன மண், படுத்துக் கிடந்ததா நின்றதா, எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பதிலிருந்துதான் அந்த மரம் வாழ்ந்த காலத்தையும் ஆறு ஓடிய போக்கையும் கணிக்க முடியும். கிணறு இன்னும் பூசப்படவில்லை என்றால் இன்றே இதைச் செய்யுங்கள். சுவரில் கல் இருந்த குழியை, பக்கத்தில் அளவுநாடா தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக நான்கைந்து படம் எடுங்கள். கைபேசி வரைபடத்தில் கிணற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறியுங்கள். ஒவ்வொரு மண் அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, எத்தனை அடியில் எடுத்தது என்று உள்ளே ஒரு சீட்டும் வெளியே மார்க்கரில் ஒரு குறிப்புமாக எழுதுங்கள். வெளியே மட்டும் எழுதினால் கைபட்டு அழிந்துவிடும்.

கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் ஈரம் ஒரு பக்கம் மட்டும் வேகமாக வற்றி விரிசல் விடும். வார்னிஷ், ஃபெவிகால் எதுவும் பூச வேண்டாம். பின்னால் யாராலும் சுத்தமாக எடுக்க முடியாது. உதிர்கிறது என்றால் அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, 100 மில்லிக்கு 5 கிராம் கணக்கில், தூரிகையால் தொட்டு விடுவார்கள். தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே அதைக் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் அருமை.

பிறகு இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ, கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ படங்களோடு எழுதுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும். விற்றுவிடாதீர்கள், துண்டு போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தும்விடாதீர்கள்.

*

கேள்வி: திருவக்கரைப் பூங்காவில் அடிமரம் மட்டும்தான் கிடக்கிறது. கிளை, இலை, வேர் எங்கே போயின? அது வக்ராசுரனின் எலும்பு என்று என் பாட்டி சொல்வார். மரம் எப்படிக் கல்லாகும்?
(திண்டிவனம், கல்லூரி மாணவி)

அந்த மரங்கள் திருவக்கரையில் வளர்ந்தவை அல்ல. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் மேட்டு நிலக் காடுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டவை. வழியெல்லாம் உருண்டு, மோதி, கிளையும் வேரும் முறிந்தன. பூங்காவில் நடக்கும்போது கவனியுங்கள்: எதுவும் நிற்கவில்லை, எல்லாம் படுத்திருக்கின்றன. 247 ஏக்கரில் சுமார் 200 மரங்கள், 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் நீளம்வரை. வேர்விட்ட இடத்திலேயே கல்லாகியிருந்தால் அடிக்கட்டைகள் நின்ற வாக்கில் இருந்திருக்கும்.

கல்லாவதற்கு முதல் தேவை வேகம். மரம் மக்குவதற்குள் மணலுக்கடியில் போய்விட வேண்டும், காற்றுப் படக் கூடாது. அப்புறம் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறும். அறைச் சுவர் அழுகித் தீருமுன் சிலிக்கா அதன்மேல் படியும், அறையை நிரப்பும். அச்சு வார்ப்பதுபோல ஒவ்வொரு அறையாக நடக்கும் வேலை இது. அதனால்தான் மரம் போன பிறகும் மர வரி நிற்கிறது. இலைக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. பருமணலில் காற்றும் நீரும் புகுந்து புறப்படும், மெல்லிய இலை சில வாரங்களில் மக்கிவிடும். இலை பதிய வேண்டுமானால் அமைதியான நீரும் மாவு போன்ற சேறும் வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. நெய்வேலியில் சதுப்பில் விழுந்த மரங்கள் காற்றில்லாச் சேற்றில் அமுங்கிப் பழுப்பு நிலக்கரியாயின. அங்கே சிலிக்கா புகவில்லை, மரத்தின் கரியே தங்கிவிட்டது. இன்று அந்தக் கரிக்கு மேலே கூரை போலக் கிடப்பது கடலூர் மணற்கல்தான். உங்கள் வீட்டு மின்விளக்கில் ஒரு பழைய காட்டின் வெயில் இருக்கிறது என்றால் அது வெறும் வருணனை இல்லை.

கல்மரங்களில் புளி, மருதம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் ஊசியிலை வகையும் உண்டு. ஊசியிலை மரங்கள் இந்தச் சமவெளியில் இப்போது காடாக இல்லை. அந்த இடைவெளிதான் நாம் கவனிக்க வேண்டியது.

பாட்டியின் கதையைத் தள்ளிவிடாதீர்கள். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781இல் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதினார் என்று பதிவு இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவருக்கு வெகு காலம் முன்பே இவை சாதாரணக் கல் இல்லை, ஒருகாலத்தில் உயிரோடு இருந்த ஏதோ ஒன்று என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். எலும்பு என்று நினைத்தது தவறு, உயிருள்ளது என்று நினைத்தது சரி. பூங்காவிலிருந்து சில்லுகூட எடுக்காதீர்கள். தலைக்கு ஒரு சில்லு போனால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் ஒரு புதைபடிவம் என்கிறார்கள். உண்மையா? புதுச்சேரிப் பக்கமும் அப்படிக் கிடைக்குமா?
(வில்லியனூர், வாசகி)

உண்மைதான். சாளக்கிராமத்தின் உள்ளே சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. ஜுராசிக் காலக் கடலடிச் சேற்றில் புதைந்து, இமயம் எழுந்தபோது சேறும் பாறையாகி மேலே போயிற்று. நேபாளத்தின் காளி கண்டகி ஆறு அந்தப் பாறையை அரித்து உருட்டிக் கொண்டுவருகிறது. கூட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். உயிரி கடைசி அறையில் குடியிருந்து, பின்னறைகளில் வளிமத்தை நிரப்பி மிதந்தது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்த்து, அந்த இனம் முழுவதும் அற்றுப்போனது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அம்மோனைட் உண்டு. வழுதாவூர், சேதராப்பட்டு பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இங்கே சேகரித்தவற்றை இயற்கை ஆய்வாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். இந்தப் பாறையின் அம்மோனைட்டுகளில் சுருளாமல் கம்பு போல நேராக நீண்டவையும் இருக்கின்றன. உழுத நிலத்தில் பார்த்தால் உடைந்த குழாய் என்று தூக்கி எறிந்துவிடத் தோன்றும். பக்கவாட்டில் இலை நரம்பு போல நெளிநெளியான கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த நெளிவு உள் தடுப்பு ஓட்டோடு சேரும் விளிம்பு. பீங்கானிலோ குழாயிலோ அது இருக்காது.

கடையில் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. பிசினில் வார்த்த போலிகள் நிறைய. எடை குறைவாக இருக்கும், கையில் வைத்த உடனே வெதுவெதுப்பாகும், சுற்றிலும் அச்சு சேர்ந்த மெல்லிய கோடு தெரியும், சக்கரத்தின் வரிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். உண்மையான ஓட்டில் வரிகள் உள்ளே நெருங்கியும் வெளியே விரிந்தும் போகும்.

*

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதைபடிவம் எப்படி உருவாகிறது என்று செய்து காட்ட வேண்டும். போன ஆண்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தோம். பாதி பொடிந்தது, பாதி களிமண்ணோடு ஒட்டிக்கொண்டது. என்ன தவறு?
(திருப்பாதிரிப்புலியூர், ஆசிரியை)

பொடிந்ததற்குக் காரணம் தண்ணீர் அதிகம், அல்லது பிளாஸ்டர் பழசு. கடலோர ஊரில் பிரித்த மூட்டையைக் கட்டாமல் வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே இறுகிவிடும். பிறகு எவ்வளவு சரியாகக் கலந்தாலும் சாக்பீஸ் போலத்தான் உதிரும். ஒரு தேக்கரண்டி கலந்து பார்த்து, அரை மணியில் நகத்தால் கீற முடியாத அளவு இறுகினால் மட்டும் வகுப்புக்கு எடுங்கள்.

செய்முறை இப்படி. களிமண்ணைக் கல், வேர் பொறுக்கிப் பிசைந்து, இரண்டு விரல் கனத்துக்கு அப்பளம் போலத் தட்டுங்கள். சப்பாத்தி மாவு பதம் போதும், அதைவிட இளகினால் பதிவு சரிந்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிடைக்கும் மட்டி ஓட்டின் வெளிப்புறத்தில் பஞ்சால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள். எண்ணெய் வழிந்தால் நுண்வரிகள் மூழ்கிவிடும். ஓட்டை நேராக அழுத்தி, நேராகவே தூக்குங்கள். இப்போது களிமண்ணில் இருக்கும் குழிவுதான் அச்சு. அதன் மேலும் எண்ணெய்ப் பஞ்சை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். போன ஆண்டு ஒட்டிக்கொண்டது இதை விட்டதால்தான் இருக்க வேண்டும். சுற்றிலும் அட்டையால் 3 செ.மீ. உயரத்துக்கு வேலி கட்டுங்கள்.

ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பிளாஸ்டர், டம்ளர் அளவில். தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, அடித்துக் கலக்காமல் குச்சியால் மெதுவாக ஒரு நிமிடம் கிளறுங்கள். ஒரு மூலையிலிருந்து நூல் போல ஊற்றி, பலகையை அடியில் தட்டினால் குமிழ்கள் மேலே வந்துவிடும். அரை மணியில் இறுகும், அப்போது சூடாகும். பிள்ளைகள் யாரும் இறுகும் பிளாஸ்டருக்குள் கையை விட்டு அச்செடுக்க முயலக் கூடாது, தோல் வெந்துவிடும் அளவு சூடேறும். ஒரு மணி நேரம் கழித்துக் களிமண்ணை உரித்து, ஒரு நாள் காயவிட்டு, பழைய பல்துலக்கியால் துடையுங்கள். மீந்த கலவையைத் தொட்டியில் கழுவ வேண்டாம், குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

இது ஓடு கரைந்துபோய் அதன் வடிவம் மட்டும் மிஞ்சும் வகை. திருவக்கரை வகையைக் காட்ட வேறு ஒன்று செய்யுங்கள். 100 மில்லி வெந்நீரில் 35 கிராம் தூள் உப்பைக் கரைத்து, விரல் அளவு வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டை அதில் ஒரு இரவு ஊறப்போட்டு, எடுத்துத் தட்டில் காயவையுங்கள். நான்கைந்து நாளில் கட்டை போல விறைத்துவிடும். உடைத்தால் துளைகளுக்குள் உப்புப் படிகம் மின்னும். ஐப்பசி, கார்த்திகையில் முயலாதீர்கள். மழைக்காலக் காற்றில் உப்பு கசியுமே தவிர காயாது.

*

கேள்வி: அரியலூரில் உலகிலேயே பெரிய டைனோசர் எலும்பு கிடைத்ததாகப் படித்தேன். எந்த அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்?
(நெல்லிக்குப்பம், வாசகர்)

எங்கும் பார்க்க முடியாது. அந்த எலும்புகள் இப்போது இல்லை.

அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த இடுப்பெலும்பு, தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு முதலியவற்றை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். விலங்குக்கு அவர்கள் வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். பெருத்த உடல் என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊன் உண்ணும் வகை என்று கருதினார்கள். பிறகு கழுத்து நீண்ட, தழை தின்னும் வகை என்று ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஆனால் தோண்டி எடுத்துப் பொதிந்த நிலையிலேயே எலும்புகள் பொடியத் தொடங்கிவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். பழைய படங்கள் 2022இல் வெளியான பிறகு விவாதம் மறுபடி சூடுபிடித்தது. அவ்வளவு பெரிய எலும்புதானா, கல்மரமோ என்று முன்பு எழுந்த ஐயத்துக்குக்கூட அந்தப் படங்களை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

களிமண்ணில் கிடக்கும் எலும்பு வெளியே உறுதியாகத் தெரியும், உள்ளே ஆயிரம் விரிசல் ஓடும். அதைத் தாங்கி நிற்பது சுற்றியுள்ள மண். மழையில் களி உப்பும், வெயிலில் சுருங்கும். நான்கைந்து முறை அப்படி நடந்தால் எலும்பு அரிசி நொய் போல ஆகிவிடும். இதைத் தடுக்கத்தான் எலும்பை மட்டும் எடுக்காமல் சுற்றிலும் ஒரு சாண் மண்ணோடு மேடை போல விட்டுத் தோண்டுகிறார்கள். ஈரக் காகிதத்தை இரண்டு மூன்று சுற்றுப் போர்த்தி, பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துணிப் பட்டைகளை, ஒன்றின் பாதி மேல் இன்னொன்று ஏறும்படி மூன்று நான்கு அடுக்கு சுற்றுவார்கள். காகிதம் இல்லாவிட்டால் பிளாஸ்டர் எலும்பையே பிடித்துக்கொள்ளும். நீளமான எலும்பென்றால் பக்கத்தில் மரச்சட்டம் வைத்துக் கட்ட வேண்டும். இறுகிய பின் அடியை அறுத்து, ஒரே மூச்சில் புரட்டி, அடிப்பக்கத்தையும் மூட வேண்டும். மூடியபின் மழையில் விடக் கூடாது, ஈரத்தோடு மாதக்கணக்கில் அடுக்கியும் வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் எலும்பு ஊறும்.

வயலில் எலும்பு தெரிந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: தோண்டாதீர்கள். மண்ணை மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

*

கேள்வி: மாமூத் யானையை மறுபடி உருவாக்கப் போகிறார்களாமே. டைனோசரும் வருமா?
(பண்ருட்டி, மாணவர்)

டைனோசர் வராது. இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய மரபணுத் துணுக்குகள் கிரீன்லாந்தின் உறைந்த மண்ணில் கிடைத்த சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழையவை. டைனோசர் போய் 6 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாமூத் போல அண்மையில் அழிந்தவற்றிலும் இது எளிதல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் வாழ்ந்த ஒரு காட்டாட்டினத்தின் கடைசி ஆடு 2000இல் இறந்தது. சேமித்து வைத்த அதன் தோல் செல்லிலிருந்து 2003இல் ஒரு குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. ஒரே இனம் இரண்டு முறை அழிந்தது.

*

கேள்வி: சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். ஊருக்குள் தில்லை மரம் காட்டையே காணோம். பெயரை மட்டும் வைத்து அங்கே காடு இருந்தது என்று சொல்லிவிடலாமா?
(புவனகிரி, வாசகர்)

பெயர் நல்ல துப்பு, சாட்சி ஆகாது. தில்லை உப்பங்கழியின் ஓரத்தில் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் அளவு எரிச்சல் தரும் என்பது பிச்சாவரம் பக்கத்து மக்களுக்குத் தெரியும். இன்று பிச்சாவரத்தில் அது ஏராளம். ஊரில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்றால் அது உள்ளூர் மறைவு. உலகத்திலேயே இல்லை என்றால்தான் முற்றழிவு. சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றதாக 1952இல் அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவில் இருந்தது. இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஆந்திரத்தில் ஜெர்டான் கல்குருவி 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்தது என்றே எழுதப்பட்டு, 1986இல் கடப்பைப் பக்கம் உயிரோடு கிடைத்தது. இரவில் திரியும் பறவையைப் பகலில் தேடியிருக்கிறார்கள்.

காடு இருந்ததா என்று உறுதிசெய்ய மகரந்தம் உதவும். மகரந்தத் துகளின் மேலுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. இலை, மரம் எல்லாம் மக்கினாலும் அது சேற்றுக்குள் பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். சதுப்பில் அரைக்குழாய் வடிவத் துளைக்கருவியை இறக்கி, அரை மீட்டர் அரை மீட்டராகச் சேற்றுத் தூணை எடுப்பார்கள். அதில் 5 செ.மீ.க்கு ஒரு முறை ஒரு கன செ.மீ. மண்ணை வெட்டி, சுண்ணாம்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், மக்கை நீக்க 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், கடைசியாக 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் 1 பங்கு கந்தக அமிலமும் என்று வரிசையாகப் போகும். இவை ஆய்வகத்தில், நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் மட்டும் செய்ய வேண்டியவை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எலும்புவரை தின்னும். பிறகு நுண்ணோக்கியில் ஒரு மாதிரிக்கு 300 துகளாவது எண்ண வேண்டும்.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னை காற்றில் மகரந்தத்தை வாரி இறைக்கும். தில்லை தேனீ போன்ற பூச்சிகளை நம்பி அளவாகத்தான் விடும். சேற்றில் தில்லைத் துகள் நூற்றுக்கு இரண்டு கிடைத்தாலும் கரையில் தில்லை அடர்ந்திருந்திருக்கலாம். எண்ணிக்கையை அப்படியே மரக்கணக்காக எடுத்துக்கொண்டால் தவறும்.

எண்ணிய துகள் எந்த மரத்துடையது என்று சொல்ல, தெரிந்த மரங்களின் மகரந்தம் வரிசையாக இருக்க வேண்டும். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அப்படியொரு பெரிய தொகுப்பு இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டு மகரந்தங்களை ஆராய்ந்த கணபதி தணிகைமோனி 1986இல் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்தார். இந்தக் கடற்கரையின் சேற்றை எவர் நுண்ணோக்கியில் வைத்தாலும் அவர் உழைப்பின் மேல் நின்றுதான் பார்க்கிறார்கள்.

*

கேள்வி: எங்கள் குப்பத்துக் கோயிலில் பல் வைத்த வாள் போல ஒரு மீன் கொம்பு தொங்குகிறது. வேளா என்கிறார்கள். என் வயதுக்காரர் யாரும் அந்த மீனைப் பார்த்ததில்லை. அதை வைத்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?
(கடலூர் முதுநகர், மீனவ இளைஞர்)

நிறைய முடியும், தம்பி. வேளா சுறா என்று சொன்னாலும் அது திருக்கை இனத்தோடு சேர்ந்தது. குட்டி போடும், அதுவும் குறைவாக. சேற்றடியில் மேயும். அந்த வாள் எந்த வலையிலும் சிக்கும், சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். செவுள் வலையும் இழுவை மடியும் பெருகியபோது முதலில் காலியான மீன்களில் இதுவும் ஒன்று. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். தவறி வலையில் வந்தால் வலையை அறுத்து உயிரோடு விட்டுவிட வேண்டும்.

சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை பாடுகிறது. உங்கள் கோயில் கொம்பு அந்த நீண்ட வழக்கத்தின் மிச்சம். கழற்ற வேண்டாம், விலை கேட்டு வருபவர்களிடம் காட்டவும் வேண்டாம். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, தொங்கும் இடத்திலேயே அளந்தால் போதும்.

நுனியிலிருந்து அடிவரை மொத்த நீளம். நுனியிலிருந்து கடைசிப் பல்வரை நீளம். அடியிலும் நுனியிலும் அகலம். பிறகு பல் எண்ணிக்கை, இடம் தனி, வலம் தனி. விழுந்த பல் இந்த மீனுக்கு மறுபடி முளைக்காது, குழி அப்படியே நிற்கும். அதனால் வெறும் குழியையும் பல்லாகவே எண்ண வேண்டும். இதில்தான் பலரும் தவறுவார்கள். ஒரு பக்கம் 14 முதல் 24 வரை, ஏறக்குறையச் சம இடைவெளியில் இருந்தால் பெரும்பல் வேளா. 23 முதல் 37 வரை, நுனிப்பக்கம் நெருங்கியும் அடிப்பக்கம் விலகியும் இருந்தால் பச்சை வேளா. அடியில் கால் பங்கு நீளத்துக்குப் பல்லும் குழியும் இல்லாமல் மொழுக்கென்று, மேலே தட்டையான முக்கோணப் பற்களாக இருந்தால் அது ஒடுங்கிய வாள் கொண்ட வேறு வகை. அந்த மொழுக்கைப் பல் விழுந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள், குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொம்பின் மேல் பலமுறை பெயிண்ட் பூசியிருந்தால் குழி மூடியிருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பள்ளம் நிழலாகத் தெரியும்.

நேராக மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அளவுநாடா சட்டத்துக்குள் தெரியும்படி. இவற்றைப் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்துக்கு அனுப்பலாம். காய்ந்த கொம்பிலிருந்து மிகச் சிறிய துகள் எடுத்து மரபணு பார்க்கவும் முடியும், ஆனால் அது ஊர் சம்மதித்தால் மட்டும்.

அளவெடுக்கும் அன்றே ஊரில் வயதான சம்மாட்டிகளை (படகுக்காரர்களை) தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். கொம்பு யார் காலத்தில் வந்தது, எத்தனை பாகம் (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) ஆழத் தண்ணீரில், எந்த மாதம், என்ன வலை, மீன் குட்டியோடு இருந்ததா. ஆண்டு ஞாபகம் இல்லை என்றால் 1964 தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா பின்னா, விசைப்படகு வந்ததற்கு முன்னா பின்னா, அவர் கல்யாணத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். கடைசியாக வேளா பார்த்தது எப்போது என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, எழுதிய தேதியையும் போடுங்கள். அவர்களில் மூத்தவர் யாரோ, முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.